ஆஸ்திரேலியாவில் காய்ந்த பனியன்

சென்னைப் பக்கம் புயல் என்றால் பெங்களூரில் நாங்கள் ஸ்வெட்டரை எடுப்போம். எங்களுக்கு வந்து சேர்வது விடாத தூறல்தான். தொண்ணூறுகளில் அப்படி ஒரு நாள், கை நிறைய ஈரத்துணியோடு என் மனைவி வந்து நின்றாள்.

“புயல் மெட்ராஸ்ல. இங்க அல்சூர்ல என் துணி ஏங்க காயல?”

நான் பூகோள வாத்தியார். விடுவேனா?

“கிழக்கேருந்து வீசுற காத்து புயலை நம்ம பக்கம் தள்ளுது. பூமி சுத்துறதால காத்து வலப்பக்கமா வளையுது. அதான் புயலே சுழலுது.”

“நேரா போற காத்து எப்படி வளையும்?”

பழைய ரெக்கார்டு பிளேயரின் தட்டில் காகிதத்தை ஒட்டிச் சுழலவிட்டேன். நடுவிலிருந்து விளிம்புக்குப் பேனாவை நேராக இழுத்தேன். கோடு அழகாக வளைந்தது. பெருமையாக நிமிர்ந்தேன்.

“இது இடப்பக்கம்ல வளைஞ்சிருக்கு?”

தட்டு கடிகார முள் போலச் சுற்றுகிறது. வட துருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் பூமி அதற்கு நேர் எதிராகச் சுற்றும்; தென் துருவத்திலிருந்து பார்த்தால்தான் தட்டைப் போலச் சுற்றும். தொண்டையைச் செருமிக்கொண்டு, “இது ஆஸ்திரேலியாவுக்குச் சரி” என்றேன்.

“அப்ப அங்கயே காயட்டும்” என்று என் பனியனைத் தட்டின்மேல் போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம்வரை அது சுற்றியது. ஆஸ்திரேலியாவிலும் தூறல்தான் போலிருக்கிறது, காயவில்லை.