அங்கே ஜெபத்துக்கு வேறு ராகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு பக்கம் போகிறவர்கள் ஆறு மணிக்கு முன்பே பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். முகூர்த்த நாள் என்றால் அதற்குப் பிறகு நிற்கத்தான் இடம். போன மே மாதம் நான் போனபோது ஐந்து ஐம்பது வண்டியில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மாதாவுக்கு நன்றி. ஆனால் அன்றைக்கு நான் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை. மனசு முழுக்க வயிற்றெரிச்சல்.

காரணத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் என் கொழுந்தனார் மனைவி லூர்து இருக்கிறாள். அங்கே கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறாள். நானும் திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் பதினான்கு வருடமாக அதே வேலைதான் செய்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், அவள் ஏழு வரைதான். போன வருடம் ஜெபப் போட்டியில் அவள் பிள்ளைகள் கோப்பை வாங்கினார்கள். என் பிள்ளைகளுக்கு ஆறுதல் பரிசாக ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதில் இன்றுவரை நான் தண்ணீர் குடித்ததில்லை.

என் வகுப்பில் பிரின்சி என்று பத்து வயசுப் பிள்ளை இருந்தாள். முதல் முறையாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்கு ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். இவளை எழுப்பிவிட்டால் பாதியில் நின்றுவிடுவாள். இரண்டு வருடம் தொடர்ந்து, "அடுத்த வருசம் பாப்போம்" என்று அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். இந்தப் பிள்ளைக்கு ஏறாது என்று முடிவே கட்டிவிட்டேன். போன டிசம்பரில் அவள் அப்பாவுக்குத் தோட்ட வேலை கிடைத்து, குடும்பத்தோடு லூர்துவின் ஊருக்கே போனார்கள். வகுப்பு மாறும்போது, பிள்ளைக்கு என்னென்ன ஜெபம் தெரியும் என்று பழைய ஆசிரியை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். "இரண்டு வருடம் என்னிடம் படித்தாள்" என்று ஒரே ஒரு வரி. கோப்பை வாங்கினவள்தானே, மல்லுக்கட்டிப் பார்க்கட்டும் என்றுதான். பாவம்தான், தெரிந்தேதான் செய்தேன்.

ஐந்தே மாதத்தில் பிரின்சிக்குப் புதுநன்மை என்று அழைப்புப் பத்திரிகை வந்தது. பார்த்த நிமிஷமே, லூர்து ஏதோ தில்லுமுல்லு செய்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. நேரில் போய் அந்தப் பிள்ளையை நானே கேள்வி கேட்பது என்று கிளம்பிவிட்டேன்.

செம்பட்டியில் வண்டி பத்து நிமிடம் நின்றது. டீ பதினைந்து ரூபாய், சுமார்தான். ஏழு மணிக்கு வத்தலக்குண்டு. அங்கிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், கால் மணி நேரம். கோயில் விசேஷத்துக்கா என்று டிரைவர் கேட்டார். ஆமாம் என்றதும், தன் மகளும் லூர்து வகுப்புதான் என்று ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. "டவுன்ல இருந்து ஒரு புள்ள வந்துருக்கும்மா. அதுதான் இன்னைக்கு முன்னால நின்னு சொல்லப்போகுது. எம்மக வீட்டுல அது மாதிரியே சொல்லிக் காட்டுறா." எனக்கு ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்துவிடலாம் போல இருந்தது.

ஏழரைக்குப் பூசை. விசுவாசப் பிரமாணம் என்கிற நீள ஜெபம் வந்ததும் பிரின்சி வெள்ளைக் கவுனில் முன்னால் வந்து நின்றாள். அந்த ஊரில் ஜெபத்தை இழுத்து, கும்மிப் பாட்டு மாதிரி ஏற்றி இறக்கிச் சொல்வார்கள். எங்கள் பங்கில் தட்டையாக, வேகமாக முடித்துவிடுவோம். அவள் ஆரம்பித்தாள், கோயிலே பின்னால் வந்தது. ஒரு வார்த்தை தடுக்கவில்லை. நான் உதட்டுக்குள் கூடவே சொன்னேன், எங்கேயாவது தடுமாற மாட்டாளா என்று. தடுமாறினது நான்தான்.

பூசை முடிந்ததும் லூர்துவை ஓரமாக இழுத்து, எப்படி என்று கேட்டேன். அவள் முகத்தில் கள்ளமே இல்லை.

"நீங்க ரெண்டு வருசம் படிக்க வச்ச புள்ளையாச்சேக்கா, எல்லாம் தெரிஞ்சிருக்கும்னு மொத நாளே முன்னால நிறுத்திட்டேன். வாயத் தொறக்கல. டவுன் ராகம் வேற, நம்ம ராகம் வேற, அதான் முழிக்குதுன்னு நெனச்சேன். 'இந்தப் புது அக்காவுக்கு நம்ம ராகம் புடிபடுற வரைக்கும் எல்லாரும் மெதுவாச் சொல்லுங்கப்பா'ன்னு சின்னப் புள்ளைகள்ட்ட சொன்னேன். மூணு வாரத்துல புடிச்சிருச்சு. அம்புட்டுத்தான். பாதி வேலைய நீங்கதான முடிச்சு அனுப்புனீக."

ராகத்தைத்தான் கற்றுக்கொடுப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ராகத்தோடு வார்த்தையும் உள்ளே போயிருக்கிறது. தெரியாதவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அதற்குள் ஃபாதர் மைக்கைப் பிடித்து என்னை மேலே கூப்பிட்டு, அடித்தளம் போட்ட திண்டுக்கல் ஆசிரியைக்கு நன்றி என்று துண்டு போர்த்தினார். கை தட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். இறங்கும்போது பிரின்சி என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"நான் ஒண்ணும் சொல்லல டீச்சர்."

நான் அவளை இரண்டு தரம் நிறுத்தி வைத்ததைத்தான் சொல்கிறாள். என் மானத்தை அந்தப் பிள்ளை ஐந்து மாதம் காப்பாற்றி வைத்திருந்தது. கேள்வி கேட்கப் போனவள், அவள் தலையில் கை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. இன்னும் கூடிவிட்டது. ஒன்றும் எழுதாத தாளோடு ஒரு பிள்ளை லூர்துவுக்குக் கிடைத்தாள். எனக்கு அப்படி யாரும் வரவில்லையே என்று பஸ்ஸில் அழுதேன். உண்மையை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இணையத்தில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தை அவள் மகன் படிப்பான், இன்று மாலைக்குள் அவள் காதுக்குப் போய்விடும். போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும்போது வத்தலக்குண்டிலிருந்து நிலக்கோட்டை வழியாக வாருங்கள். அரை மணி கூடுதலாகும், ஆனால் மல்லிகை மலிவு. மத்தியானத்துக்கு மேல் போனால் வாடின பூதான் கிடைக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்றால், புதிதாக வருகிற பிள்ளையைப் பற்றி எழுதி வந்த தாளை ஒரு மாதம் பிரிக்காதீர்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், கை அரிக்கிறது.

அட, இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. பிரின்சிக்கு ஓர் அண்ணன் உண்டு. அவளுக்கு முன்பே என்னிடம் படித்தவன், ஒரு ஜெபமும் முழுதாக வராது. பிரின்சி வந்த முதல் ஞாயிறு, "அவன் தங்கச்சியா நீ? கடைசியில போய் உக்காரு" என்று சொன்னேன். அன்றைக்கு அவளை நான் ஒரு ஜெபம்கூடச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.