மோட்டார் அத்தையின் தண்ணீர்

"பாசிட்டிவ்வாம்டி!" என்று போனை வைத்தபடியே சிரித்தாள் மோட்டார் அத்தை. தண்ணீர்ச் சோதனைக்கூடத்திலிருந்து வந்த அழைப்பு அது.

"யாரு சொன்னா?"

"பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டுப் போச்சே, அந்தப் பொண்ணு. பாக்டீரியா பாசிட்டிவ்வாம். நம்ம போர்வெல் தண்ணியப் போயி சந்தேகப்பட்டீங்களே!"

நான் இரண்டு மொழியில் படித்தவள். அன்று அது பாரமாக இருந்தது.

"அத்தை, பாசிட்டிவ்னா கிருமி இருக்குன்னு அர்த்தம்."

"நல்லதுதானே பாசிட்டிவ்? டிவியில நாள் முழுக்க பாசிட்டிவா இருங்கன்னு உயிரை எடுக்கறானே?"

"இதுல மட்டும் கெட்டது."

"என்னடி பாஷை இது" என்றவள், மிஷின் முன் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோக்காமலே மிதிக்கத் தொடங்கினாள்.

பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். மோட்டார் சுவிட்ச் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு கை துணியைப் பிடித்திருக்க, மறு கையால் தெருவுக்கே தண்ணீர் விடுவாள். காலையில் முதல் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குடத்தோடு நிற்பவர்கள் எதிரில் மடமடவெனக் குடிப்பாள். "நான்தான் சோதனை எலி. உசுரோட இருக்கேன்ல? புடிங்க!"

பள்ளி விட்டதும் அந்தக் குழாயில் கையைக் குவித்துக் குடித்தவள் நான். லேசாக இரும்பு வாசம் அடிக்கும். இப்போது என் வீட்டில் வடிகட்டும் இயந்திரம் இருக்கிறது. அதன் தண்ணீரில் எந்த ருசியும் இல்லை. அந்த ருசியில் என்னென்ன நீந்தியதோ, இன்றும் நாக்கு அதைத்தான் தேடுகிறது.

மாடியில் குடியிருந்த, தமிழ் படிக்கத் தெரியாத வெளியூர்க்காரியின் கைக்குழந்தைக்கு விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு வந்ததால்தான் சோதனையே நடந்தது. "கடைத் தண்ணி எதுக்கு? கொழந்தைக்கு நம்ம தண்ணியே குடு" என்று சொல்லியிருந்தவள் அத்தை. போர் போட்டவர் வந்து பார்த்தார். ஆழ்குழாயைச் சுற்றியிருந்த சிமென்ட் விரிந்து, குளியலறைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கியிருந்தது. அத்தை குனிந்து விரிசலை விரலால் தடவினாள். "துணி நல்ல துணிதான். தையல்தான் பிரிஞ்சிருக்கு."

சிமென்ட் பூசி, மருந்து ஊற்றி, மறுசோதனையில் தேறிவிட்டது. இருந்தும் இன்றுவரை மழை பெய்தால் முதல் தம்ளரைக் காய்ச்சித்தான் குடிக்கிறாள். ஆறுவதற்குள் உதட்டைச் சுட்டுக்கொண்டு கிருமிகளைத் திட்டுவதும் உண்டு.

போன் வந்த அன்று மாலை, சட்டைப் பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்து என்னிடம் நீட்டினாள்.

"குழாய்ல கட்டணும். எழுதிக் குடு."

"'குடிக்காதீங்க'ன்னா?"

"தாகத்தோட வர்றவங்கள விரட்டுவியா? காய்ச்சிக் குடிங்கன்னு போடு. மாடிக்காரிக்குப் புரியற இங்கிலீஷ மேல எழுது, நம்ம பாஷைய அப்புறம்."

எழுதினேன். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடி என்னிடமே நீட்டினாள்.

"கீழ மோட்டார் அத்தைன்னு போடுடி. வேற யாரோ சொல்றாங்கன்னு மாடிக்காரி நெனச்சுடப் போறா."