சோணைமுத்து கட்டிய கதிர்க்குஞ்சம்

வத்திராயிருப்பு வயல்களில் குருவி விரட்டுவது சோணைமுத்துவின் வேலை. நெல் பால்பிடிக்கத் தொடங்கியதும் காவல் பரணில் ஏறுவான், அறுப்புக்குத்தான் இறங்குவான். கையில் கவண், மடி நிறையக் கூழாங்கல். குருவிக் கூட்டத்துக்கு ஒரு முழம் மேலே கல்லை விடுவான். குருவி சாக வேண்டியதில்லை, எழுந்து பறந்தால் போதும் என்பது அவன் கணக்கு.

1931 தை மாதம் பரணின் கால் ஒன்று இற்றுப்போய் முறிந்தது. விழுந்தவனுக்கு வலது தொடை எலும்பு உடைந்தது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். மூன்று மாதம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால் கால் நான்கு விரற்கடை குட்டை. நிலக்காரர் சங்கிலிப்பாண்டி காவலுக்கு வேறு ஆள் வைத்துக்கொண்டார். பயிர் யாருக்காகவும் காத்திருக்காது என்பது சோணைமுத்துவுக்கும் தெரியும்.

அடுத்த அறுப்புக்கு மனைவி சுடலையம்மாள் போனாள். அவன் களத்து ஓரத்தில் உட்கார்ந்து கதிர்களைப் பின்னிப் பார்த்தான். வாசலில் குருவிக்கென்று நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டித் தொங்கவிடுவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பார்க்கத் துடைப்பம் மாதிரி இருக்கும். இவன், மணி முற்றித் தாள் பச்சை மாறாத கதிராகப் பார்த்து எடுத்தான். தாளை நனைத்து, ஜடை போலப் பின்னி, அடுக்கடுக்காக இறக்கினான். முடிந்தபோது தலைகீழாகத் தொங்கும் தேர் மாதிரி இருந்தது.

"இதை எவன் வாங்குவான்?" என்றாள் சுடலையம்மாள். ஆனாலும் நான்கைத் தலைச்சுமையாக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனாள். நான்கும் விற்றன. இரண்டு வருஷத்தில் இராஜபாளையத்துப் பெரிய வீட்டு வாசல்களிலும் அவன் குஞ்சங்கள் தொங்கின.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏசம்மாள் என்று ஒரு டீச்சர். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், தனியாள். வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டிருந்தார். வருஷம் தவறாமல் மூன்று குஞ்சம் வாங்கி, வேப்பமரக் கிளையில் கட்டுவார். அவன் வந்தால் நாற்காலி போடச் சொல்வார். அவன் தரையில்தான் உட்காருவான்.

1943-ல் அரிசி கிடைக்கவில்லை. ரேஷன் கடை வாசலில் விடியுமுன்பே ஆள் நின்றது. அந்த மாசியில் சோணைமுத்து கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் இரண்டே குஞ்சங்களோடு டீச்சர் வீட்டுக்குப் போனான். வேப்பமரத்தில் பழைய குஞ்சத்தின் தாள் மட்டும் தொங்கியது. ஒரு மணிகூட இல்லை.

"குருவி நல்லாத் தின்னுருக்கு போல, டீச்சரம்மா."

"குருவி இல்ல, சோணைமுத்து. ஒரு பொம்பள. வேலியைத் தாண்டி வந்து உருவி மடியில போட்டுக்கிட்டு இருந்தா. நான் கதவைத் திறக்கவும் அப்படியே நின்னுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எடுத்துக்கோன்னேன். வேற என்னத்தச் சொல்ல? வீட்டுல இருந்த கேப்பையில ரெண்டு படி குடுத்தேன். மறுபடி அவ வரல."

சோணைமுத்து கொண்டுவந்த இரண்டையும் டீச்சரிடம் கொடுத்தான்.

"இதைக் கட்டாதிய. அவ வந்தா குடுங்க. இனி நான் நெல்லுல கட்டுறதா இல்ல."

ஊருக்குத் திரும்பியதும் சுடலையம்மாளிடம் சொன்னான். அவள் சண்டை போடவில்லை. "பொறவு என்ன செய்யப்போறீய?" என்று மட்டும் கேட்டாள்.

வத்திராயிருப்பில் தேங்காய்ச் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. அதைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தேய்த்து மினுமினுக்கச் செய்தான். விளிம்பில் மூன்று ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டைத் தொங்கவிட்டான். மேல் சிரட்டையில் தண்ணீர், கீழ்ச் சிரட்டையில் வரப்புப் புல்லில் உருவிய புல்லரிசி. அடியில் மயில்கொன்றைக் காய்களைக் கட்டிவிட்டான். காற்றில் கலகலவென்று ஆடும். நெற்குஞ்சம் போல அது விற்கவில்லை. சுடலையம்மாள் கூலிக்குப் போகும் நாட்கள் கூடின. ஆனால் குருவிகள் வந்தன. வெயில் காலத்தில் தண்ணீருக்கு மைனாவும் வந்தது.

ஐந்து வருஷம் நெல்லைத் தொடவில்லை. 1948 தையில், ரேஷனை எடுத்துவிட்ட பிறகு, ஏசம்மாள் டீச்சர் ஆள் அனுப்பி ஒரு குஞ்சம் கேட்டார். சோணைமுத்து கதிரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாவது அடுக்கில் பின்னல் கோணியது. அவிழ்த்துப் பின்னினான், மறுபடியும் கோணியது.

"இங்க குடுங்க" என்று சுடலையம்மாள் வாங்கிக்கொண்டாள்.

அவன் நெல்லில் கட்டிய வருஷமெல்லாம் பக்கத்தில் இருந்து தாள் சீவிக் கொடுத்தவள். விரல் தடுமாறாமல் அடுக்கை இறக்கினாள்.

"ஏட்டி, நீ எப்பப் படிச்ச?"

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவன் அடுத்த கதிரை எடுத்து, தாளைச் சீவி அவளிடம் நீட்டினான்.