முன்வாசல் வழியாக வந்த சீர்

1. திறந்த அன்று

எங்கள் மால் திறந்த அன்று எஸ்கலேட்டரில் ஏற வந்த கூட்டத்தைப் பார்த்து முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஈஸ்வரி, பாத்தியா? தேனி சீமையே இங்கன வந்துருச்சு" என்றார். நானும் பார்த்தேன். மேலே போனவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, படி வழியாக இறங்கி, மறுபடியும் ஏறுவதற்கு வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை. அதைச் சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முதலாளி ஏலக்காய் வியாபாரி. கேரளாப் பக்கம் போன இடத்தில் ஒரு ஷாப்பிங் மாலைப் பார்த்துவிட்டு வந்து, அல்லிநகரம் தாண்டி ரோட்டோரம் கிடந்த தன் நிலத்தில் மூன்று மாடி எழுப்பினார். நான் அதற்கு முன்பு தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர். சேலை மடித்துக்கொண்டிருந்தவளைக் கூட்டி வந்து ஆபரேஷன்ஸ் மேனேஜர் என்று பேட்ஜ் குத்திவிட்டார். லிஃப்ட், ஏசி, ஜெனரேட்டர், செக்யூரிட்டி, கடைக்காரர்களின் சண்டை எல்லாம் என் தலையில். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், மால் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அனுபவம் கேட்கிறார்கள். கேட்டது தப்பு, நான் எழுத ஆரம்பித்துவிட்டேன்.

2. மெசினிடம் கேட்டுச் சொல்

தரைத்தளம் முழுவதும் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். மால் தொழிலில் இதை 'ஆங்கர்' என்பார்கள். அது நின்றால் மற்ற கடைகள் நிற்கும். அது கிளம்பினால் எல்லோரும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

கூட்டத்துக்கு ஒரு நாளும் குறைவில்லை. குமுளி பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எங்கள் ஏசியில் காத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பெண் பார்த்தார்கள். வெளியே அடிக்கிற காற்றில் கண்ணில் விழுந்த தூசியைக் கழுவ எங்கள் வாஷ்ரூமுக்கு வந்தார்கள். சாமான் வாங்க மட்டும் கடைவீதிக்குப் போனார்கள். காரணம் எனக்குத் தெரியும். எங்களிடம் பேரம் பேச முடியாது.

ஆண்டிபட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா ஷாம்பு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேஷியரைக் கேட்டார்: "கடைசியா என்ன வெலைப்பா?"

"மெசின்ல வர்றதுதாம்மா வெல. நானாக் கொறைக்க முடியாது."

"சரி, நீயே மெசினுகிட்ட கேட்டுச் சொல்லு. நான் நிக்கிறேன்."

அவர் நின்றார். பின்னால் இருந்தவர்களும் பொறுமையாக நின்றார்கள். மெசின் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கும் ஆசை.

இப்படியே போனால் என்ன ஆகும்? முதலில் செருப்புக்கடை போனது. அப்புறம் வாட்ச் கடை. மூன்றாம் மாடியில் ஃபுட் கோர்ட் படுத்துவிட்டது. சும்மா கிடக்கிறதே என்று முதலாளி அதை விசேஷ ஹாலாக வாடகைக்கு விட்டார். கடைசியில் சூப்பர் மார்க்கெட்டும் லீஸ் முடிந்ததும் காலி செய்வதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டது. அன்று முதலாளி என் அறைக்கு வந்து உட்கார்ந்து, நான் குடித்து மிச்சம் வைத்திருந்த டீயைக் குடித்தார். அது என் டீ என்று அவருக்குத் தெரியவே இல்லை. மாலில் வேலை பார்த்த பெண்களில் பாதிப்பேர் நான் ஜவுளிக்கடையிலிருந்து கூட்டி வந்தவர்கள். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது?

3. நான் என்ன அரிசி மூட்டையா?

சூப்பர் மார்க்கெட்டின் ரீஜனல் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். சந்திரசேகர் என்று பெயர். முதலாளி கெஞ்சிக் கூப்பிட்டதால், ஒரு தரம் நேரில் பார்த்துவிட்டு முடிவாகச் சொல்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நானும் முதலாளியும் அவரைச் சுற்றிக் காட்டினோம். அவர் எதையும் குறை சொல்லவில்லை. "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். குறை சொன்னாலாவது பதில் சொல்லலாம். போகிற முடிவோடு இருக்கிறவர்தான் எல்லாவற்றுக்கும் சரி என்பார்.

அந்த நேரம் வாசலில் உறுமி மேளச் சத்தம் கேட்டது. மூன்றாம் மாடியில் அன்று ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. கம்பம் பக்கத்துக் கூடலூரிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டு வந்திருந்தார். கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள் அன்று பழத்தட்டும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு எங்கள் பார்க்கிங்கில் வரிசையாக நின்றன. மாலை போட்ட கிடா ஒன்று. எல்லோருக்கும் முன்னால் பட்டு வேட்டியில் தாய்மாமன் முருகேசன்.

செக்யூரிட்டி கையைக் குறுக்கே நீட்டினார். "சாமான் எல்லாம் பின்பக்கம், சர்வீஸ் லிஃப்ட்லண்ணே. ரூலு."

உறுமி நின்றது.

"என் தங்கச்சி மகளுக்குச் சீர் கொண்டாந்திருக்கேன்" என்றார் முருகேசன். "பின்வாசல் வழியா வரணுமாக்கும்? நான் என்ன அரிசி மூட்டையா எறக்க வந்திருக்கேன்?"

சொல்லிவிட்டு முன்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். ஜீப்பிலிருந்து இறங்கியவர்களும் தட்டுகளோடு அப்படியே நின்றார்கள். மேலே தகவல் போய், அவர் தங்கை எஸ்கலேட்டரில் ஓடி இறங்கி வந்தாள். அது ஏறுகிற எஸ்கலேட்டர். பாதி தூரம் இறங்குவதும் மேலே போவதுமாக அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். "அண்ணே, நல்ல நேரம் முடியப் போகுதுண்ணே. மாமனார் வீட்டுல எல்லாரும் கேக்குறாக."

"உன் மேல கோவம் இல்ல ஆத்தா. ஆனா பின்வாசல்ல வர மாட்டேன்."

மாமன் மடியில் உட்காராமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் சந்திரசேகரைப் பார்த்தேன். ஒழுங்காக நடக்கிற மால் என்று அவருக்குக் காட்டத்தான் காலையிலிருந்து பாடுபட்டேன். இப்போது ஆட்டை முன்வாசலில் விட்டால் அதோடு முடிந்தது கதை.

ஆனால் அந்தப் பெண் அழுததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என் மகளுக்கு என் தம்பி சீர் கொண்டு வந்தபோது, புருஷன் வீட்டில் அவனைக் கொல்லைப்பக்கமாக வரச் சொன்னார்கள். வந்தான். தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டான். நான் ஒன்றும் பேசாமல் நின்றேன், பேச முடியாத இடம் அது. மாலில் நான்தான் மேனேஜர்.

"ரெண்டு கதவையும் தெறங்க" என்றேன். எஸ்கலேட்டரின் சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்தினேன். ஓடாத எஸ்கலேட்டர் நல்ல படிக்கட்டு. பெண்கள் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையாக ஏறினார்கள். உறுமி மறுபடியும் கிளம்பியது. மாடிகளில் இருந்த கூட்டம் முழுவதும் கம்பியோரம் வந்து எட்டிப் பார்த்தது.

கிடா மட்டும் எஸ்கலேட்டரில் காலை வைக்க மாட்டேன் என்றது. இழுத்தும் பார்த்தார்கள், தள்ளியும் பார்த்தார்கள்.

4. கண்ணாடி லிஃப்டில்

"அது ஏறலேன்னா நானும் ஏறல" என்றார் முருகேசன். எனக்கு வந்த கோபத்துக்கு மாமனையும் கிடாயையும் சேர்த்தே தூக்கியிருப்பேன். இருவரையும் நடுவில் இருந்த கண்ணாடி லிஃப்டுக்குள் தள்ளி நானும் ஏறினேன். உள்ளே சந்திரசேகர் நின்றிருந்தார். கூட்டத்துக்கு ஒதுங்கப் போனவர் அங்கே மாட்டிக்கொண்டார். முருகேசன் கையிலிருந்த பட்டுச்சேலைத் தட்டை அவரிடம் கொடுத்து, "கொஞ்சம் பிடிங்கண்ணே, கிடா முட்டும்" என்றார். அவரும் வாங்கிக்கொண்டார்.

முதல் மாடி தாண்டியதும் கரண்ட் போனது. ஜெனரேட்டர் பிடிக்கும்வரை லிஃப்ட் அந்தரத்தில் நின்றது. கண்ணாடிக்குள் நாங்கள் மூவரும் ஒரு கிடாயும். கீழே இருந்த உறுமிக்காரர்கள், சீரை எல்லோரும் பார்க்கட்டும் என்று நாங்களே நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தார்கள். ஜனம் கைதட்டியது. முருகேசன் கும்பிட்டார்.

சந்திரசேகர் தட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார். "இதெல்லாம் எங்கீங்க வாங்குனீங்க?"

"அதை ஏன் கேக்குறீக. பழம் கம்பத்துல, தட்டும் பாத்திரமும் மதுரையில, சேலை தேனி கடைவீதியில. தட்டைச் சுத்துற கண்ணாடித்தாளுக்கு மட்டும் ஒரு நாள் அலைஞ்சேன்."

"எல்லாம் கீழேயே எங்க கடையில வாங்கியிருக்கலாமுங்களே."

"உங்க கடையா அது?" முருகேசன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சோப்பை எத்தனை கலர்ல அடுக்கி வச்சிருக்கீக. ஒரு வாழைத்தார் உண்டா? வெத்தலை உண்டா? மாமன்காரன் உள்ள வந்தா வாங்குறதுக்கு என்ன வச்சிருக்கீக?"

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் ஜவுளிக்கடையில் சீருக்கு வருகிறவர்களுக்குச் சேலை எடுத்துப் போட்ட எனக்கும் இது தோன்றவில்லை. தள்ளுபடிக் கூப்பன் அடிப்பதைப் பற்றி நானும் முதலாளியும் எத்தனை மீட்டிங் போட்டிருப்போம்.

"எங்களுக்கும் மாமன் சீர் உண்டுங்க" என்றார் சந்திரசேகர். "எனக்கு மூணு அக்கா. நானும் இப்படித்தான் அலைஞ்சேன்."

ஜெனரேட்டர் பிடித்தது. மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது முதலில் வெளியே வந்தது பட்டுச்சேலைத் தட்டும் அதைப் பிடித்திருந்த ரீஜனல் மேனேஜரும்தான். தங்கையின் மாமனார் வீட்டார் அவருக்குச் சந்தனம் பூசி உட்கார வைத்துவிட்டார்கள். நேரம் முடிவதற்குள் குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்தது. காதில் ஊசி பட்டதும் குழந்தை அழுதது. அதைவிட முருகேசன் அழுதார்.

5. போன் வந்தது

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது சந்திரசேகர் என்னிடம் முடிவு எதுவும் சொல்லவில்லை. "யோசிக்கிறேனுங்க" என்றார். அந்த வாரம் முழுவதும் போன் அடிக்கும்போதெல்லாம் முதலாளி என் அறைக்கு ஓடி வந்தார். ஆட்டை உள்ளே விட்டதால்தான் ஆங்கர் போனது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

கடைசியில் போன் வந்தது. சந்திரசேகர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மேடம், கம்பத்துல வாழைத்தார் மொத்தமா யாருகிட்டங்க வாங்கறது?" என்று கேட்டார்.

முதலாளி என் எதிரே நின்று கையைப் பிசைந்தார். "என்ன சொல்றாக? காலி பண்றாகளா?"

"இல்லங்கய்யா" என்றேன். "வாழைத்தார் கேக்குறாக." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் நான் அழுவதைப் பார்த்து அவரும் அழுதார்.

இன்று அந்த மாலைச் 'சீர் மால்' என்றால்தான் ஊரில் தெரியும். தட்டு, பழம், பாத்திரம், கண்ணாடித்தாள் எல்லாம் கீழே அதே சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கி, அங்கேயே சுற்றி, உறுமியோடு மேலே போகிறார்கள். புதிதாக மால் வேலைக்கு வருகிறவர்களே, கூட்டம் சேர்ப்பது பெரிய காரியமே இல்லை. நல்ல ஏசி போட்டால் யார் வேண்டுமானாலும் வருவார்கள். வாசலில் ஒருவர் சாமானோடு வந்து நின்றால் ரூலைச் சொல்லாதீர்கள். யார் வீட்டு விசேஷம் என்று முதலில் கேளுங்கள். உங்கள் கடையில் என்ன இல்லை என்பதை அவரே சொல்லிவிடுவார்.