புளி மூட்டைகளுக்கு நடுவே ஜெர்மனி

போன வாரம் உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டேன். ஒன்றல்ல, இரண்டு. அதற்கு மேல் ஜெர்கின். தலையில் குரங்குக் குல்லாய்.

பக்கத்தில் என் மனைவி சகாயம். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் பழைய கம்பளிச் சட்டை, கழுத்தில் மப்ளர்.

நாங்கள் நின்றது பாலக்கோடு ரோட்டில், புளி வைக்கும் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் வாசலில். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"என்ன மாமா, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல குளுரு ஜொரமா?" என்றான் அந்தோணி. சகாயத்தின் தம்பி. அங்கே சூப்பர்வைசர்.

"கதவத் தொறடா. ஜெர்மனி போவணும்" என்றேன்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் ரீட்டா அங்கே நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. பேத்தி பிறந்ததும் அங்கேயே. போனில்தான் பார்த்திருக்கிறோம். வருகிற அக்டோபரில் பேத்திக்கு ஞானஸ்நானம். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று.

"இங்க இப்பவே இலை கொட்ட ஆரம்பிச்சிருச்சுப்பா" என்று ரீட்டா வீடியோவில் காட்டினாள். தெரு முழுக்க மரம். மஞ்சள், சிவப்பு... தீப்பிடித்தும் எரியாமல் நிற்பது போல.

"இத்தன இலையையும் யாருடி கூட்டறது?" இது சகாயம்.

"அத வுடும்மா. தடியா ஒரே ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டு வராதீங்க. வெங்காயம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு போடணும். இந்த ஊர்க்காரங்களே அப்படித்தான் சொல்லுவாங்க. காலையில நாலு டிகிரி இருக்கும். மதியம் வெயில் வந்தா ஒவ்வொண்ணா உரிச்சுக்கலாம்."

எனக்கு மழை தெரியும். மேகம் எந்தப் பக்கம் கட்டுகிறது என்று பார்த்துத் தக்காளி பறிப்பேன். ஆனால் நாலு டிகிரி? அதை எங்கே போய் அண்ணாந்து பார்ப்பது?

சகாயம் பெட்டி அடுக்கினாள். எனக்கு ஸ்வெட்டர், சாக்ஸ். பேத்திக்கு அவளே பின்னின குல்லாய். மாப்பிள்ளைக்கு வேட்டி. ரீட்டாவுக்கு ராகி மாவு, கொள்ளு. பெட்டி நிறைந்தது. மூடினாள்.

"உன்னுது எங்க?"

பெட்டியை என் பக்கம் தள்ளி, "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

மார்கழி வந்தால் அவளுக்கு இளைப்பு. நெஞ்சுக்குள் பூனை கத்தும். டாக்டரிடம் போனோம். இளைப்பு வந்தால் வாயில் வைத்து இழுக்கிற பம்ப் எழுதிக் கொடுத்தார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தாராளமாகப் போகலாம் என்றார். அவள் மனசுதான் போகலாம் என்று சொல்லவில்லை.

"அங்க போய் நான் மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தா, புள்ள கொழந்தையப் பாப்பாளா, என்னப் பாப்பாளா?"

டாக்டர் சொல்லியே கேட்காதவள் நான் சொல்லியா கேட்பாள்? அந்தோணிக்கு போன் போட்டேன்.

"உன் ரூமுக்குள்ள எத்தன டிகிரிடா?"

"நாலு, அஞ்சு இருக்கும் மாமா. ஏன், தக்காளி வெக்கணுமா?"

"இல்ல. உங்க அக்காவ."

இப்படித்தான் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கதவு திறந்தது. வெள்ளைப் புகை காலடிக்கு வந்தது. உள்ளே போனோம். "தட்டுங்க, தொறக்கறேன்" என்று சொல்லி அந்தோணி கதவைச் சாத்தினான்.

வெயில் இல்லை. ஆள் சத்தம் இல்லை. மங்கலாக ஒரு பல்பு. மோட்டார் மட்டும் எங்கோ... தூரத்தில் மழை வருவது போல. இரண்டு பக்கமும் உயரமாகப் புளி மூட்டைகள். நடுவில் ஒரு சந்து.

சகாயம் மப்ளரை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டாள். கையில் பம்ப். ஓர் இருமல். இன்னொன்று. பிறகு தொடர்ந்து. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இருமல் நின்றது. மூச்சு வந்தது, போனது. பூனை கத்தவில்லை. மப்ளரைக் கொஞ்சம் இறக்கினாள். வாயிலிருந்து புகை வந்தது. அதையே பார்த்தாள். மறுபடி ஊதினாள். புகை மெல்ல மேலே ஏறி வெளிச்சத்தில் கரைந்தது. சின்னப் பிள்ளை போல இன்னொரு முறை ஊதினாள்.

மூட்டை மேல் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்? தெரியாது. அந்தச் சந்து நீண்டுகொண்டே போனது. மூட்டைகள் வீடுகளாக நின்றன. சந்தின் கோடியில் ரீட்டா டியூட்டி முடிந்து நடந்து வருகிறாள்... கையைத் தேய்த்துக்கொண்டு. எனக்கு அப்படித் தெரிந்தது. சகாயமும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க... போன புதுசுல குளுருக்குப் போத்திக்க அவகிட்ட என்ன இருந்துச்சு?"

"துப்பட்டா" என்றேன். ஏர்போர்ட்டில் நான் பார்த்தது அதுதான்.

"ஒரு நாள்கூட குளுருதுன்னு சொல்லலியேங்க."

அவள் மப்ளரை இழுத்துச் சரியாகச் சுற்றிவிட்டேன்.

வெளியிலிருந்து கதவு தடதடத்தது. "அக்கா! உள்ளயே குடித்தனம் வெச்சிட்டீங்களா? லாரி நிக்குது!"

"இருடா, வர்றோம்!" என்று கத்தினாள். இளைப்பு இல்லாத குரல். ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு முறை புகை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வெளியே வெயில் அறைந்தது. வாசலிலேயே வெங்காயம் உரித்தோம். லோடுமேன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

பயமும் துணி மாதிரிதான் போலிருக்கிறது – போட்டுப் பார்த்தால்தான் அளவு தெரிகிறது. சகாயத்தினுடையது ரொம்ப லூஸ். சத்தியமாகச் சொன்னால், என்னுடையதும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். பாதிக் கொள்ளு வெளியே வந்தது. அவள் ஸ்வெட்டரும் கம்பளிச் சட்டையும் உள்ளே போக வேண்டும். துவைத்துக் காயப்போட்டாள். புளி வாசம் போகவில்லை. இன்னொரு முறை அலசட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் வுடுங்க. ரீட்டா கண்ண மூடிக்கிட்டே நம்மளக் கண்டுபுடிச்சுக்குவா."