சைகோனில் பதினொரு சங்கரன்கோவில் வயிறு

டூர் கூட்டிக்கொண்டு போகிற வேலையில் ஊரைக் காட்டுவது லேசு. சோற்றைக் காட்டுவதுதான் பெரும்பாடு. நாலு பேரை வெளியூருக்குக் கூட்டிப்போய், "பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் என் கட்சி. வாங்க, சேர்ந்தே புலம்புவோம். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தப் புலம்பலில் எனக்குக் கொள்ளை சந்தோஷமும் இருக்கிறது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் ஆறு வருஷமாக சென்னை பஸ்ஸுக்கு சீட்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். "லோயரா, அப்பரா?" என்று கேட்டே வாய் தேய்ந்துபோயிருந்தது. முதலாளி வியட்நாமுக்கு மலிவு டூர் ஒன்று போட்டார். கூட்டிப்போக வேண்டியவர் பைக்கிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். ஆபீஸில் பாஸ்போர்ட் வைத்திருந்தது நான் ஒருத்திதான். என்றைக்காவது அதில் ஒரு முத்திரை விழாதா என்ற ஆசையில் வாங்கி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன்.

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம டூர்ல சமையக்காரன் கிடையாது, இந்தியன் ஓட்டலும் கிடையாது. அங்கன சனங்க எங்க திங்காவளோ அங்கதான் நாமளும். பதினோரு பேருல ஒருத்தரும் சாப்பாட்டைக் குறை சொல்லலன்னா இனிமே டூரெல்லாம் உன் பொறுப்பு. ஒரு குறை வந்துச்சுன்னா பழையபடி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துக்க."

முட்டிக்குக் கீழே ஒரு ஸ்டூல்

சைகோன் போய் இறங்கிய சாயங்காலம் எனக்குக் கண் ரெண்டு போதவில்லை. பிளாட்பாரம் முழுக்க அடுப்பு, ஆவி, வறுத்த பூண்டு வாசனை. சனங்கள் முட்டிக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் ஸ்டூலில் குந்தி, தெருவையே வீடாக்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சிறுபிள்ளை மாதிரி முன்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் சண்முகையா அண்ணாச்சி நடுரோட்டில் இடுப்பில் கைவைத்து நின்றார்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு விசைத்தறிக்குச் சொந்தக்காரர். எங்கள் ஊரில் எந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கும் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. "பாயாசம் தண்ணி" என்று அவர் சொல்லிவிட்டால் பெண் வீட்டார் ஒரு மாசம் தலைநிமிர முடியாது. என் வேலை அவர் நாக்கில் இருந்தது. அவரோ என்னை நம்பாமல் ஒரு பை நிறைய முறுக்கும் புளியோதரைப் பொடியும் கொண்டுவந்திருந்தார்.

கெஞ்சிக் கூத்தாடி அவரை உட்கார வைத்தேன். உட்கார்ந்த வேகத்தில் ஸ்டூலின் நாலு காலும் நாலு திசைக்குப் போய்விட்டது. கடைக்கார அம்மா பதறவேயில்லை. இன்னும் நாலு ஸ்டூலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தட்டிக்காட்டினார். அண்ணாச்சி அதில் ஏறி உட்கார்ந்தார். மற்ற பத்துப் பேரும் நானும் அவர் முட்டி உயரத்தில் இருந்தோம். பலசரக்குக் கடை வைத்திருக்கிற எஸ்தர் அக்கா நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "அண்ணாச்சி, அப்படியே இருங்க, மனு கொடுக்க ஆள் வரும்."

துளசி

மறுநாள் காலை கோழி சூப்பில் அரிசிச் சேமியா போட்டுத் தருகிற கடை. சூப்போடு ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகளும் வரும். பிய்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியது, எவ்வளவு கேட்டாலும் காசு கிடையாது. அண்ணாச்சி ஓரமாக முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் வீட்டம்மா கோமதி மதினி சூப்பை விட்டுவிட்டு ஒரு கொத்தை எடுத்து முகர்ந்தார். ஊதாப் பூவோடு இருந்தது.

"ஏ தங்கச்சி, இது துளசிலா. இதப்போயி கோழிக்குள்ள போடுதாவளே" என்றார். சரி, முதல் குறை வந்துவிட்டது. மதினி அந்தக் கொத்தைக் கண்ணில் ஒற்றி, சாவகாசமாகக் கொண்டையில் செருகிக்கொண்டார். கடைக்காரப் பெண் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பூவுள்ள கொத்தாகப் பார்த்துப் பொறுக்கி இன்னும் மூன்றை மதினி தலையில் வைத்து, தன் தலையிலும் ஒன்று வைத்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள். மதினி சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டுச் சொன்னார்: "ருசி கெடக்கட்டும் தங்கச்சி, இந்த ஊருப் பொம்பளைங்க நல்லவளுவ."

குருணை

சைகோன்காரர்கள் பெருமையாகச் சாப்பிடுகிற சோறு ஒன்று உண்டு. உடைந்த அரிசியில் ஆக்கி, மேலே சுட்ட இறைச்சியோ பொரித்த முட்டையோ வைத்துத் தருவார்கள். விலை அவர்கள் காசில் நாற்பதாயிரம். நம் காசில் ஒரு பிரியாணி விலைகூட வராது, ஆனால் கேட்கிறவர் நெஞ்சு அடைத்துத்தான் போகும். அன்று மதியம் அந்தக் கடையில்தான் எல்லோரையும் உட்கார வைத்தேன்.

அண்ணாச்சி வெறுஞ்சோறு வாங்கிப் பொடியைக் கலக்கப் போனவர், விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டார். "இது குருணைலா. நாங்க கோழிக்குப் போடுதது. பிளேன் ஏறி வந்து, நாப்பதாயிரம் கொடுத்து, குருணை திங்கணுமோ?" என்றார். மற்ற ஒன்பது பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண்ணுக்கு முன்னால் பழைய கம்ப்யூட்டரும் சுழல் நாற்காலியும் தெரிந்தன. எஸ்தர் அக்கா மட்டும் நிமிரவில்லை. இருபது வருஷம் அரிசி விற்றவர், தட்டை வழித்துவிட்டு இரண்டாவது தட்டுக்குக் கையைக் காட்டினார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அண்ணாச்சி, இத்தனை வருஷமும் கோழி நல்லாச் சாப்பிட்டிருக்கு, நாமதான் ஏமாந்துட்டோம்."

காக்கா வரவில்லை

மூன்றாம் நாள் விடிந்ததும் மதினி என் காதில் குண்டைப் போட்டார். அன்றைக்கு அமாவாசை. அண்ணாச்சியின் பை காலி. மாமிசம் ஆக்கின சட்டியில் வெந்தது எதுவும் ஆகாது. அதற்கும் மேலே, அவருடைய அய்யா தவறிய நாளிலிருந்து அமாவாசைக்குக் காக்காவுக்கு சோறு வைக்காமல் அவர் வாயில் ஒரு பருக்கை வைத்ததில்லை. "நீ எப்படியாவது பாத்துக்க" என்று சொல்லிவிட்டு மதினி குளிக்கப் போய்விட்டார்.

பயந்துகொண்டே தெருவில் இறங்கினேன். எனக்கே கண்ணை நம்ப முடியவில்லை. நேற்று இறைச்சி தொங்கிய கடைகளில் பாதியில் மஞ்சள் அட்டை தொங்கியது. நாங்கள் தங்கியிருந்த ஓட்டல் பையனைக் கேட்டேன். அங்கே அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நிறையப் பேர் சைவமாம். அந்த அட்டைதான் அடையாளமாம். அண்ணாச்சியை ஒரு சைவக்கடைக்குக் கூட்டிப்போனேன். தட்டில் வந்தது அச்சு அசல் கோழிக்கால். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் உறைந்துபோக, கடைக்கார அம்மா வந்து அதைப் பிய்த்துக் காட்டினார். சோயா. எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எலுமிச்சைப்புல் தண்டு. அண்ணாச்சி முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார்.

ஆனால் சாப்பிடவில்லை. ஒரு உருண்டை சோற்றை இலைத்துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போய், "கா, கா" என்று கூப்பிட்டார். சிட்டுக்குருவி வந்தது, புறா வந்தது. காக்கா வரவேயில்லை. மணி ஒன்றைத் தாண்டியது. எங்கள் ஊரையே சாப்பாட்டில் மிரட்டுகிற மனிதர், வெயிலில் அண்ணாந்து பார்த்தபடி நிற்பதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றிவிட்டது. கடைக்கார அம்மா என்னவென்று கையாலேயே கேட்டார். செத்துப்போன அப்பாவுக்கு சோறு என்று செல்போனில் மொழிமாற்றிக் காட்டினேன்.

அந்த அம்மா படித்தார். அண்ணாச்சியின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு மாடம். ஊதுபத்தி, பழம், ஒரு கிழவரின் போட்டோ, அதன் முன்னால் ஒரு கிண்ணம் சோறு. தன் அப்பா என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அண்ணாச்சியின் கையிலிருந்த உருண்டையை வாங்கி அந்தக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு பத்தியும் கொடுத்தார். அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். ரொம்ப நேரம் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அப்புறம் வந்து உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி என்னிடம் சொன்னார்: "எங்க அய்யா மதுரையத் தாண்டுனதே இல்ல தாயி. இன்னைக்கு வெளிநாட்டுல சாப்பிடுதாரு."

ஆபீஸில் தீர்ப்பு

ஊர் திரும்பிய மறுநாள் முதலாளி எல்லோரையும் ஆபீஸுக்கு வரவழைத்து, என் எதிரிலேயே ஒவ்வொருவராகக் கேட்டார். பத்துப் பேரும் குறையொன்றும் இல்லை என்றார்கள். கடைசியில் சண்முகையா அண்ணாச்சி. டீயைக் குடித்து முடித்தார், டம்ளரை வைத்தார், தொண்டையைச் செருமினார்.

"ஒரு குறை இருக்கு" என்றார். முதலாளி பேனாவைத் திறந்தார். அண்ணாச்சி நிதானமாகச் சொன்னார்: "நாலு நாள்ல ஒரே ஒரு அமாவாசைதான் வந்துச்சு."

இதைக் குறையில் சேர்ப்பதா வேண்டாமா என்று முதலாளி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார், நான் அதற்குள் அடுத்த கூட்டத்தோடு பினாங்கு கிளம்பிவிட்டேன்.