தீபாவளிச் சீரில் வந்த எஸ்எஸ்டி

இரண்டு வாரத்துக்கு முன் வெள்ளிக்கிழமை காலை மருமகள் நித்யா தாபோடியில் தன் அம்மா வீட்டிலிருந்து போன் செய்தாள். "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றாள். என் சம்பந்தி அன்னபூரணியை நம் ஔந்த் தமிழ் வகுப்புக் குடும்பங்களில் பலருக்குத் தெரியும். இருந்த இடத்தைக் கலகலவென்று ஆக்கிவிடும் மனுஷி. அவரைப் பற்றி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதினால் அவருக்கே பிடிக்காது.

கோயம்புத்தூர்க்காரர். சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்க்ரூடிரைவரும் பூதக்கண்ணாடியும் இல்லாமல் அவர் கைப்பையை நான் பார்த்ததில்லை. "பாத்துட்டு வாங்கோணும். வாங்கிட்டுப் பாக்கக் கூடாதுங்க" என்பார், கத்தரிக்காய் வாங்கும்போதுகூட.

அவர் மகளுக்கும் என் மகனுக்கும் கல்யாணமான வருடம் என் லேப்டாப் படுத்துக்கொண்டது. ஆன் செய்தால் விழித்துப் பார்க்கவே யுகம் ஆகும். ஞாயிறு காலை ஆன்லைன் வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து காத்திருந்துவிட்டு ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். இங்கே மராத்தி ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வீட்டில் மட்டும் தமிழ் கேட்பவர்கள். ஒருமுறை நழுவினால் திரும்பி வரமாட்டார்கள். வகுப்பை மூடிவிடலாமா என்று வீட்டில் புலம்பினேன். "சரிங்க அத்தை" என்றாள் நித்யா. நான் எதைச் சொன்னாலும் அவள் பதில் அப்போது அதுதான். நான் என்ன பூச்சாண்டியா என்று எனக்கே எரிச்சலாக வரும்.

தலை தீபாவளிக்குச் சீர் கொண்டுவந்தார் அன்னபூரணி. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ, பழம். நடுவில் குங்குமப் பொட்டு வைத்த சின்ன அட்டைப் பெட்டி. "உங்க லேப்டாப்புக்கு எஸ்எஸ்டிங்க சம்பந்தி. பழைய டிஸ்க் சுத்திச் சுத்தித் தேடும். இதுல சுத்தற வேலையே இல்லீங்க. போட்டீங்கன்னா பறக்கும்!" என்றார். பட்டுப்புடவையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திருப்பிப்போட்டுத் திறந்தார். சூயிங்கம் பட்டை போல ஒன்று உள்ளே போனது. நீளம் கச்சிதம், ஆணியும் கச்சிதம்.

ஆன் செய்தோம். பழைய டிஸ்க் மட்டும் தெரிந்தது. புதியது வந்த சுவடே இல்லை.

பெண் வீட்டுச் சீரில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு சொல் குறை சொன்னால் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நித்யாவின் முகம் வெளுத்துவிட்டது. "பரவால்ல சம்பந்தி, மெதுவா வரும்" என்று பல்லைக் காட்டினேன்.

அன்னபூரணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதென்ன புடவைங்களா, புடிக்கலைன்னாலும் ஒரு நாளைக்குக் கட்டிக்கறதுக்கு? ஓடலைன்னா ஓடலைன்னு சொல்லுங்க. மரியாதைக்கெல்லாம் மெஷின் ஓடாதுங்க."

"ஓடல சம்பந்தி" என்றேன். அடேயப்பா, என்ன நிம்மதி!

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பட்டையைப் படித்தார், பிறகு போனில் என் லேப்டாப் மாடலைத் தேடினார். திடீரென்று தொடையைத் தட்டிச் சிரித்தார். "தப்பு என்னுதுங்க! உங்க லேப்டாப்புக்கு சாட்டா வகைதான் ஆகும். நான் வாங்குனது என்விஎம்இ, இன்னும் வேகமான வகை. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. நீளத்தைப் பாத்தேன், வகையைப் பாக்கலை. கத்தரிக்காயைப் பாத்து வாங்கறவ இதைக் கோட்டை விட்டுட்டேன் பாருங்க!" சொந்தத் தப்பைக் கண்டுபிடித்ததில் அப்படி ஒரு குதூகலத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

உடனே ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் பறந்தார். கடைக்காரருக்கு ஆச்சரியம். வேகமானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மெதுவானதைக் கேட்பார்களா என்றார் இந்தியில். "பையா, தேஜ் நஹி, சல்னேவாலா சாஹியே" என்றார் இவர். வேகம் கிடக்கட்டும், ஓடுவதைக் கொடு என்று.

பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதற்கு நகலெடுக்க மதியம் முழுக்க ஆனது. அதிரசம் தின்றபடி மூவரும் திரையில் கோடு நகர்வதையே பார்த்திருந்தோம். மாற்றி ஆன் செய்ததும், நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் திரை வந்துவிட்டது! கூச்சலே போட்டேன். எதிர் வீட்டு மராத்திக்கார அம்மா கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். அடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்கு முன்னால் நான் போய்க் காத்திருந்தேன். நழுவியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேரை அன்னபூரணியே போன் போட்டு இழுத்துவந்தார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை. என் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று அவர் சொல்வார், அவர் ஸ்கூட்டர் ஓட்டுவது ஆபத்து என்று நான் சொல்வேன். இரண்டுமே உண்மை.

காரியங்கள் முடிந்து நேற்று நித்யா வீட்டுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "நாளைக்கு வகுப்பு வேண்டாம்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்மா" என்றேன்.

"தப்புங்க அத்தை" என்றாள். குரல் தடுமாறவில்லை. "வகுப்பு இருக்குன்னு திரும்பச் சொல்லுங்க."

தன் அம்மாவைப் பறிகொடுத்தவள், என் முகத்துக்கு நேராக, பயமே இல்லாமல் சொன்னாள். அன்னபூரணி எனக்கென்று விட்டுப்போனது இவளைத்தான். இன்று காலை வகுப்பு நடந்தது.